தென்னமட்டையா, டிராக்டரா?

ஐப்பசி மழையில் திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கம் கரிசல் காட்டுக்குள் காரை இறக்கியவர்களுக்குத் தெரியும்: ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கச் சக்கரம் குழிதான் தோண்டும். களிமண் டயர் பட்டன்களை அடைத்து வழுக்க வைத்துவிடும்.

தென்னமட்டை, வைக்கோல், சாக்கு என்று கிடைத்ததை டயருக்கு அடியில் கொடுப்பது செலவில்லாத வழி. பெரும்பாலான சின்னக் கார்களில் முன்சக்கரம்தான் இழுக்கும். பின்சக்கரத்துக்குக் கொடுத்துப் புண்ணியமில்லை. முதலில் டயரைச் சுற்றி மண்ணை வெட்டுங்கள். அப்புறம் முன்டயருக்குப் பின்பக்கம் மட்டையைச் செருகி, ஸ்டியரிங்கை நேராக்கி, வந்த தடத்திலேயே ரிவர்ஸில் மெதுவாக எடுங்கள். டயருக்கு நேரே யாரும் நிற்க வேண்டாம். மட்டை பறந்து வரும். தள்ளுகிறவர் வேட்டி எப்படியும் போச்சு.

வண்டியின் வயிறே மண்ணில் உட்கார்ந்துவிட்டால் மட்டை உதவாது, டிராக்டர்தான். கயிற்றைப் பம்பரில் கட்டினால் பம்பர் மட்டும் தனியாக வரும். டிக்கியில் ஜாக்கியோடு கிடக்கும் இழுவைக் கொக்கியை, அதற்கென்று வண்டியில் இருக்கும் துளையில் இறுகத் திருகி, அதில் மாட்டுங்கள். டிராக்டர்காரரிடம், “அண்ணே, வெடுக்குன்னு இழுக்காதீங்க” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நான் மட்டையோடு பத்து நிமிஷம் மல்லுக்கட்டுவேன். அதற்குமேல் என்றால் சரி, போனை எடுத்துவிடுவேன்.