சிறு பாலிப்பை எடுக்க இடுக்கியா, சுருக்கா, சூடா?

பெருங்குடலிலிருந்து ஒரு சிறு பாலிப்பை (உட்சுவரில் முளைக்கும் சதை வளர்ச்சியை) எண்டோஸ்கோப்பி என்ற உள்நோக்கிக் குழாய் வழியாக எடுத்த சில ஆண்டுகளில், மறுபரிசோதனை அறிக்கையில் மீண்டும் ‘பாலிப்’ என்ற சொல்லைப் பார்க்கும் எவரும் அது திரும்ப வளர்ந்துவிட்டது என்றே எண்ணுவர். அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று வேறு நிலைமைகள் இருக்கலாம்: எடுத்த இடத்தில் எஞ்சிய திசு மீண்டும் வளர்ந்திருக்கலாம், முதல் பரிசோதனையின்போதே இருந்து கண்ணில் படாமல் போனதாக இருக்கலாம், அல்லது புதிதாகத் தோன்றியிருக்கலாம். எந்தக் கருவியால் எடுத்தார்கள் என்ற கேள்வி முதலாவதற்கு மட்டுமே பொருந்தும். ஒரே நோயாளிக்கு அடுத்தடுத்து இருமுறை கொலோனோஸ்கோபி (பெருங்குடல் உள்நோக்கிப் பரிசோதனை) செய்து பார்த்த ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளியான கணக்கின்படி, 5 மி.மீ. வரையிலான அடினோமாக்களில் (பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடிய பாலிப் வகை) சுமார் 26 விழுக்காடு முதல் முறை தவறவிடப்பட்டன, 10 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்டவற்றில் அது 2 விழுக்காடுதான். ஆகவே எல்லாப் பழியையும் கருவியின் மேல் போடுவது நியாயமன்று.

இனிக் கருவிகளுக்கு வருவோம். திசுவைக் கடித்தெடுக்கும் பயாப்ஸி இடுக்கியின் வாய் சில மி.மீ. அகலமே உள்ளது. 2 மி.மீ. பாலிப் ஒரே கடியில் வந்துவிடும்; திசுவும் இடுக்கிக்குள்ளேயே இருப்பதால் தொலைந்துபோகாது. ஆனால் 4 அல்லது 5 மி.மீ. பாலிப்புக்கு இரண்டு மூன்று கடிகள் வேண்டியிருக்கும்; முதல் கடியிலேயே கசியும் இரத்தம் மெல்லிய படலமாகப் பரவி எல்லையை மறைத்துவிடுவதால், அடுத்த கடி ஏறக்குறைய ஊகத்தின்பேரில்தான் விழுகிறது. 5 மி.மீ. வரையிலான பாலிப்புகளை வைத்து 2013இல் வெளியான ஒரு சோதனையில், இடுக்கியால் முழுமையாக அகன்றவை 75.9 விழுக்காடு, மின்சாரமற்ற சுருக்கால் (பாலிப்பைச் சுற்றி இறுக்கி அறுக்கும் கம்பிக் கண்ணியால்) அகன்றவை 93.2 விழுக்காடு.

குளிர்ச் சுருக்கு எனப்படும் இந்த முறையின் வலிமை, பாலிப்போடு சேர்த்துச் சுற்றிலும் ஒன்றிரண்டு மி.மீ. நல்ல சவ்வையும் பிடித்து அறுப்பதில் இருக்கிறது. அறுத்த இடத்தில் நீரைப் பீய்ச்சினால் குழி சற்று உப்பி விளிம்பு தெளிவாகத் தெரியும். எஞ்சிய துணுக்கு இருந்தால் அப்போதே மாட்டிக்கொள்ளும். அறுபட்ட துண்டை உறிஞ்சி எடுக்கும்போது அது எப்போதாவது தவறிப்போவது ஒரு குறைதான், ஆனால் பெரிய குறையன்று.

மின்சூட்டுச் சுருக்கை ஆதரிப்போரின் வாதம் கேட்பதற்குச் சரியாகவே இருக்கிறது: சூடு விளிம்பையும் பொசுக்கிவிடும், மிச்சம் தங்காது. சிறு பாலிப்புகளைப் பொறுத்தவரை, முழுமையாக அகற்றுவதில் குளிர்ச் சுருக்கைக் காட்டிலும் அதற்குத் தெளிவான மேன்மை தென்படவில்லை. விலையோ உண்டு. சூடு சவ்வுக்கு அடியிலுள்ள இரத்தக்குழாய்களைப் புண்படுத்துவதால், சில நாள் கழித்துப் பொருக்கு உதிரும்போது, நோயாளி வீட்டில் இருக்கும் நேரத்தில், இரத்தம் கசியக்கூடும். குளிர் முறையில் கசிவு மேசையிலேயே தெரிந்து பெரும்பாலும் தானாக நின்றுவிடுகிறது. தைவானில் நான்காயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் 4 முதல் 10 மி.மீ. பாலிப்புகளை வைத்து நடந்து 2023இல் வெளியான சோதனையில், தாமத இரத்தப்போக்கு சூட்டு முறையில் 1.5 விழுக்காடு, குளிர் முறையில் 0.4 விழுக்காடு. எனவே 10 மி.மீ.க்குக் குறைந்த, காம்பில்லாத பாலிப்புகளுக்குக் குளிர்ச் சுருக்கே என் தேர்வு, 3 மி.மீ. வரையிலானவற்றில், சுருக்கு சரியாக விழாத மூலைகளில் மட்டும் இடுக்கிக்கு இடமுண்டு. மின்சூட்டால் பொசுக்கியபடி திசுவை எடுக்கும் சூட்டு இடுக்கியை ஒப்பீட்டிலேயே சேர்க்கத் தேவையில்லை. வழிகாட்டுதல்கள் அதை ஒதுக்கிவிட்டன.

தட்டையான செரேட்டட் வகை (நுண்ணோக்கியில் ரம்பப் பல் போலத் தெரியும் பாலிப்) மட்டும் தனிக் கவனம் கோருகிறது. முழுமையாக எடுத்தாகிவிட்டது என்று மருத்துவர் கருதிய 5 முதல் 20 மி.மீ. பாலிப்புகளின் விளிம்பிலிருந்து திசு எடுத்துப் பார்த்த 2013ஆம் ஆண்டு ஆய்வொன்றில், மொத்தத்தில் சுமார் 10 விழுக்காட்டில் மிச்சம் இருந்தது. இந்த வகையில் அது 31 விழுக்காடு. எல்லை மங்கலாக இருப்பதே காரணம்.

மறுபரிசோதனைக் காலத்தில் வழிகாட்டுதல்கள் ஒத்துப்போவதில்லை. 10 மி.மீ.க்குக் குறைந்த, செல்களில் தீவிர மாற்றமில்லாத ஒன்றிரண்டு அடினோமாக்களுக்கு 2020ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டுதல் 7 முதல் 10 ஆண்டுகள் என்கிறது. அதே ஆண்டின் ஐரோப்பிய வழிகாட்டுதல், நான்கு வரை இருந்தாலும் தனிக் கண்காணிப்பே வேண்டாம், வழக்கமான பரிசோதனைக்குத் திரும்பினால் போதும் என்கிறது. இரண்டுமே, குடல் நன்கு சுத்தமாகி முழுதும் பார்க்கப்பட்டது என்ற அடிப்படையில் சொல்லப்பட்டவை. அறிக்கையில் சுத்தம் போதவில்லை என்றோ, பாலிப் துண்டு துண்டாக எடுக்கப்பட்டது என்றோ எழுதியிருந்தால், அந்த ஆண்டுக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.