ஸ்கைஃபோர்ஸா, வைப்பர்ஸா: எந்த அணியின் கதையை முதலில் படிப்பது?

அமெரிக்காவின் முதன்மைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவுக்கு அடுத்த படியான ஜி லீக்கின் (முன்பு டி லீக்) வரலாற்றை ஓர் அணி வழியே அறிய நினைப்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில்தான் தயங்குகிறார்கள்.

வயது
ஸ்கைஃபோர்ஸ்: 1989, தெற்கு டகோட்டாவின் சூ ஃபால்ஸ்.
வைப்பர்ஸ்: 2007, டெக்சாஸின் தென்கோடி.

கோப்பைகள்
ஸ்கைஃபோர்ஸ்: சிபிஏ என்ற பழைய கூடைப்பந்து லீக்கில் 1996, 2005, அப்புறம் 2016இல் டி லீக் பட்டம். அந்தப் பருவத்தில் 50 ஆட்டங்களில் 40 வெற்றி!
வைப்பர்ஸ்: 2010, 2013, 2019, 2022.

தாக்குப்பிடித்த விதம்
இங்கே ஸ்கைஃபோர்ஸுக்கு ஈடு இல்லை. 2001இல் பருவத்தின் நடுவிலேயே சிபிஏ லீக் திவாலானது. அணி இன்டர்நேஷனல் பாஸ்கெட்பால் லீக் என்ற வேறு கூடைப்பந்து லீக்குக்குப் போனது, சிபிஏ மீண்டதும் திரும்பி வந்தது, 2006இல் டி லீக்கில் சேர்ந்தது. லீக்குகள் மாறின, ஊர் மட்டும் மாறவே இல்லை. சின்ன ஊர் ரசிகர்களின் இந்தப் பிடிப்பு எனக்கு மிகவும் பிடித்தது.
வைப்பர்ஸுக்கு என்பிஏ அணியான ஹூஸ்டன் ராக்கெட்ஸின் துணை 2009 முதலே உண்டு.

ஆட்டம்
வைப்பர்ஸ் ராக்கெட்ஸின் சோதனைக்கூடம். 2013-14இல் ஆட்டத்துக்குச் சுமார் 45 மூன்று புள்ளி வீச்சுகள், அதாவது தொலைவிலிருந்து கூடையை நோக்கி எறிபவை! 2013இல் பட்டம் வென்ற பயிற்சியாளர் நிக் நர்ஸ், 2019இல் டொராண்டோவுக்கு என்பிஏ கோப்பையே வாங்கித் தந்தார்.
ஸ்கைஃபோர்ஸ் வழியே மயாமி ஹீட் என்ற என்பிஏ அணிக்குப் போனவர் டங்கன் ராபின்சன்.

சரி, இன்றைய கூடைப்பந்து எப்படி உருவானது என்று அறிய வைப்பர்ஸ். ஓர் ஊரும் அணியும் சேர்ந்து வாழ்ந்த கதை வேண்டுமென்றால் ஸ்கைஃபோர்ஸ். நான் அங்கிருந்துதான் தொடங்குவேன்.