பதினான்கு மாதமாக என்னோடு மல்லுக்கட்டும் எலுமிச்சை உப்பு

நேற்று நண்பர் ஒருவர் படம் எடுத்து அனுப்பியிருந்தார். கண்ணாடி ஜாடியைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார், உள்ளே இருக்கும் உப்பு அசையவே இல்லை. கீழே ஒரு வரி: "நீ சொன்ன மாதிரியேதான் செஞ்சேன். இப்ப சுத்தியல் எடுக்கட்டுமா?"

பதில் போடுவதற்கு முன்னால் போய் என் ஜாடியைக் கவிழ்த்துப் பார்த்தேன். அதுவும் அசையவில்லை.

எலுமிச்சையின் மேல்தோலைத் துருவி, ரோஸ்மேரி, தைம் என்ற மூலிகை இலைகளைப் பொடியாக நறுக்கிச் சேர்த்து, கல்லுப்போடு கசக்கி உலர்த்தினால் உப்பு தயார். இதற்கு மேல் செய்முறை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. பதினான்கு மாதத்தில் ஒன்பது முறை செய்திருக்கிறேன். 100 கிராம் உப்புக்கு மூன்று எலுமிச்சை என்பது என் கணக்கு. சில முறை அரை ஆரஞ்சின் தோலையும் சேர்த்தேன். ஒன்பதில் ஏழு முறை கட்டி தட்டியது. மீதி இரண்டு முறை கட்டி தட்டவில்லை, ஆனால் வாசனையும் இல்லை.

அந்த ஏழையும் இரண்டையும் புரிந்துகொள்ள எனக்கு ஏறக்குறைய ஒரு வருடம் பிடித்தது.

முதலில் காற்றிலிருக்கும் ஈரத்தின் மேல்தான் பழி போட்டேன். அதில் பாதி உண்மை உண்டு. சுத்தமான உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீரை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும். கடல் உப்பில் ஒட்டிக்கொண்டு வரும் மெக்னீசியம் குளோரைடு அவ்வளவு பொறுமைசாலி இல்லை, அதற்கு 33 சதவீதமே போதும். நான் வாங்கியதோ, இயற்கையானது என்ற பெருமையோடு வந்த சுத்திகரிக்காத கல்லுப்பு. பெருமை எனக்கு, ஈரம் ஜாடிக்கு.

ஆனால் ஈரம் இருந்துகொண்டே இருந்தால் உப்பு சொதசொதவென்று கிடக்குமே தவிரப் பாறையாகாது. ஈரமாகி, காய்ந்து, மறுபடி ஈரமாகிக் காய்வதில்தான் வினை. பரல்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் துளி உப்புநீர் நிற்கும். அது காயும்போது இரண்டுக்கும் நடுவே புதிதாக ஒரு படிகம் முளைத்துப் பாலம் போட்டுவிடும். ஒவ்வொரு வேளையும் கொதிக்கிற பாத்திரத்துக்கு மேலே ஜாடியைப் பிடித்து உதறிக்கொண்டிருந்தவன் நான். ஆவி உள்ளே போகும், அப்புறம் மேடையில் காயும், மறுவேளை மறுபடி ஆவி. இப்படித் தினமும் நானே பாலம் கட்டிக்கொடுத்திருக்கிறேன். கடையில் வாங்கும் பொடியுப்பில் கட்டி தட்டாமலிருக்கச் சேர்க்கும் பொருளின் பெயரைப் படித்துவிட்டு ஒரு காலத்தில் முகம் சுளித்திருக்கிறேன். இப்போது அதன்மேல் மரியாதை வந்துவிட்டது.

சரி, ஆவியில் காட்டுவதை நிறுத்தினேன். அப்போதும் கட்டி தட்டியது.

ஏனென்றால் ஈரம் தோலுக்குள்ளேயே இருக்கிறது. துருவிய தோலை உப்போடு விரல் நுனியால் கசக்கிப் பாருங்கள். முதலில் வறண்ட மணல் மாதிரி உதிரும். ஐந்து நிமிடத்தில் இளமஞ்சள் ஏறும். பத்து நிமிடத்தில் கடற்கரையின் ஈர மணலைப் போலக் கைக்குள் உருண்டை பிடிக்கும். தோலில் இருந்த நீரையெல்லாம் உப்பு வெளியே இழுத்துவிடுகிறது. அந்த நேரத்தில் வரும் வாசனை இருக்கிறதே, அடுத்த அறையில் இருப்பவர் எழுந்து வந்து என்ன செய்கிறாய் என்று கேட்பார். கையை இரண்டு முறை கழுவினாலும் நகக்கண்ணில் சாயங்காலம் வரை நிற்கும். இந்த உப்பில் எனக்கு முழுத் திருப்தி தந்தது அந்தப் பத்து நிமிடம்தான்.

அந்த ஈரத்தைப் போக்கத்தான் உலர்த்துகிறோம். நீர் போகும்போது வாசனை தரும் எண்ணெயும் சேர்ந்தே கிளம்பிவிடுகிறது என்பதுதான் என் மனத்தாங்கல். எலுமிச்சைத் தோலின் எண்ணெயில் பெரும்பங்கு லிமோனீன். அது கொதிக்க 176 டிகிரி வேண்டும், ஆனால் ஆவியாகிப் பறந்துபோக அவ்வளவெல்லாம் தேவையில்லை, சும்மா தட்டில் பரப்பி வைத்தாலே போதும். ஓவனை இருப்பதிலேயே குறைந்த சூட்டில் வைத்து ஒருமுறை உலர்த்தினேன். வீடு முழுக்க எலுமிச்சை மணந்தது. எல்லோரும் ஆகா என்றார்கள். நானும் சந்தோஷப்பட்டேன். வீட்டில் மணப்பதெல்லாம் ஜாடிக்குள் இருக்கவேண்டிய மணம் என்று அப்போது உறைக்கவில்லை. கடைசியில் கிடைத்தது பழுப்புத் துகள் கலந்த, அழகாக உதிர்கிற, வெறும் உப்பு.

கட்டி தட்டாத அளவுக்கு உலர்த்தினால் வாசனை போய்விடுகிறது, வாசனை இருக்கும் அளவுக்கு நிறுத்தினால் கட்டி தட்டுகிறது. நடுவில் ஒரு இடம் இருக்கும் என்று ஒன்பது முறை தேடியாகிவிட்டது. மின்விசிறிக்குத் தள்ளி, நிழலில், இரண்டு நாள் பரப்பி வைப்பது அதற்குக் கொஞ்சம் பக்கத்தில் வருகிறது. மழைநாளில் அதுவும் நடக்காது.

மூலிகைகளைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ரோஸ்மேரி, தைம் இரண்டும் காய்ந்தாலும் குணம் மாறாதவை. துளசி வகையைச் சேர்ந்த பேசிலை ஒரு தடவை போட்டேன், மூன்றாம் வாரம் வைக்கோல் மணம் வந்தது. அத்தோடு அதை விட்டுவிட்டேன்.

கசப்பைப் பற்றியும் நிறையப் பேர் பயமுறுத்துவார்கள். மஞ்சள் தோலோடு நின்றுவிட்டு வெள்ளைப் பகுதியைத் தொடாமல் துருவினால் கசக்காது, அவ்வளவுதான். பழத்தின் மேல் மெழுகு பூசியிருக்கலாம், வெந்நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவிக்கொள்ள வேண்டும். துருவி நன்றாக இருந்தால் வேலை சுலபம். மைக்ரோபிளேன் துருவி முதலில் தச்சு வேலைக்கான அரமாகத்தான் வந்தது. 1994இல் கனடாவில் ஒரு பெண்மணி அந்த அரத்தில் ஆரஞ்சுத் தோலைத் துருவிப் பார்த்த பிறகுதான் அது சமையலறைக்குள் புகுந்தது. என் விரல் மூட்டை இன்னமும் அது மரம் என்றே நினைக்கிறது.

நான் எதிர்பாராத சிக்கல் ஒன்று உண்டு. இந்த உப்பை நாம் போடுவது உப்புக்காக இல்லை, வாசனைக்காக. புது உப்பு என்றால் வேகவைத்த முட்டையின் மேல் ஒரு சிட்டிகை போதும். ஒன்றரை மாதம் கழித்து அதே சிட்டிகையில் மணம் வராது, இன்னொன்று போடுவோம், அப்புறம் இன்னொன்று. மணம் வந்ததோ இல்லையோ, உப்பு மூன்று மடங்கு வந்துவிட்டது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பழைய ஜாடியோடு உட்கார்ந்தால் அதில் எவ்வளவை ஒரு உருளைக்கிழங்கே தின்றுவிடும் என்று நான் எடைபோட்டுப் பார்க்கவில்லை, பார்க்க தைரியமும் இல்லை. வெறும் உப்பு எத்தனை வருடமானாலும் கெடாது. அதை மெனக்கெட்டு ஆறு வாரத்தில் காலாவதியாகிற பொருளாக மாற்றியிருக்கிறேன் என்பதை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

ஆனாலும் நியாயமாகச் சொல்ல வேண்டும். புதிதாகச் செய்த அன்று வெள்ளரித் துண்டின் மேல் இதைத் தூவிச் சாப்பிட்டால் வேறு எதுவும் வேண்டாம். தக்காளிக்கும் அப்படியே. சுட்ட மீனை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு தூவினால், சூட்டில் மணம் குப்பென்று எழும்பும். கொதிக்கும்போது போட்டால் எல்லாம் ஆவியோடு போய்விடும், அதற்குச் சாதா உப்பே போதும். ஒரு முறை உலர்த்தாமல், ஈரமாகவே மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, ஜாடியை உதறாமல் விரலால் கிள்ளிக் கிள்ளிப் போட்டேன். ஈரத்தில் ஒட்டிக் கிடந்ததால் இதையும் கட்டி தட்டிய ஏழில்தான் சேர்த்திருக்கிறேன், என்றாலும் ஒன்பதில் இதுதான் உருப்படியாக வந்தது. ஆனால் அதைத் தூவ முடியாது, யாருக்கும் பரிசாகக் கொடுக்கவும் முடியாது. நான் ஆரம்பித்ததே பரிசு கொடுக்கத்தான்.

இவ்வளவையும் யோசித்துவிட்டு, கையிலிருந்த ஜாடியைக் கரண்டிக் காம்பால் குத்தினேன். புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி பெயர்ந்து வந்தது. பக்கத்தில் துருவி இருந்தது. சும்மா ஒரு கோபத்தில், காலையில் வேகவைத்திருந்த முட்டைக்கு மேலே அந்தக் கட்டியைத் துருவினேன். வெளிப்பக்கம் ஒன்றும் தெரியவில்லை. நான்கு இழுப்புக்குப் பிறகு உள்பக்கம் வந்தது பாருங்கள், கசக்கிய அன்று வந்த அதே எலுமிச்சை. காற்றுப் படாமல் உள்ளே அடைபட்டுக் கிடந்திருக்கிறது போல. மாவு மாதிரி மெல்லிசாக விழுந்ததால் கொஞ்சம் உப்பே போதுமாகவும் இருந்தது. துருவியை உடனே கழுவித் துடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் துருப்பிடித்துவிடும் என்று தோன்றியது. கழுவினேன்.

இருந்தாலும் நண்பருக்கு என் மனதில் உள்ளதைத்தான் எழுதினேன். இனிமேல் செய்யாதே, நேரம் தண்டம், சாதா உப்பைப் போட்டு மேலே எலுமிச்சையைத் துருவிக்கொள், அதே ருசி. இப்போது இருப்பதை மட்டும் சுத்தியலால் உடைத்துவிடாதே, அப்படியே துருவிச் சாப்பிடு. கட்டி தீர்ந்துபோனால் சொல், என்னிடம் இன்னொன்று இருக்கிறது.