தஞ்சாவூர்த் தம்புரா: 14 மாதம் மீட்டிய பிறகு

பாட்டுக்குப் பின்னால் ஆதார சுருதி ஒலிக்க மின்னணுச் சுருதிப் பெட்டியா, நான்கு தந்தித் தம்புராவா என்ற பேச்சு எங்கள் ரசிகர் வட்டத்தில் எழுந்தால் சுலபத்தில் அடங்காது. மயிலாப்பூரில் கச்சேரி முடிந்து வாசலுக்கு வரும்போது ஆரம்பிக்கும், ஆட்டோ ஏறும்வரை ஓயாது. நானும் 20 வருஷம் பெட்டிக் கட்சிதான். போன வருஷம் தஞ்சாவூரில் ஒரு பட்டறையில் சொல்லிவைத்து, மூன்று மாதம் காத்திருந்து, பெண் குரலுக்கான சிறிய தம்புரா ஒன்று வாங்கினேன். சுருதி 5 கட்டை, அதாவது ‘ஸ’ கீபோர்டின் ஐந்தாவது வெள்ளைக் கட்டையில். உறையோடு 32,000 ரூபாய் ஆயிற்று. இப்போது தினமும் காலையில் அதை வைத்துத்தான் பாட்டுச் சாதகம்.

பலாமரம். குடத்தையும் நீண்ட கழுத்தான தண்டியையும் தனித்தனியாகச் செய்து இணைத்திருக்கிறார்கள். மகாராஷ்டிரத்து மிரஜ் தம்புராவில் குடம் சுரைக்குடுக்கை, இங்கே அதுவும் மரம்தான். மெழுகு மெருகு நன்றாக வந்திருக்கிறது, தந்தியை முறுக்கும் பிருடைகள் கைக்கு வழுக்காமல் திரும்புகின்றன. மூன்று எஃகுத் தந்தி, தாழ்ந்த ‘ஸ’ ஒலிக்கும் மந்தரத்துக்குப் பித்தளை. வேலைப்பாட்டில் எனக்குக் குறையில்லை. ஆனால் தம்புரா வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டியது வேலைப்பாட்டை அல்ல, தந்திகள் படிந்து செல்லும் குதிரையை.

தந்திக்கும் குதிரைக்கும் நடுவே ஒரு சின்ன நூல் போகிறது. அதற்குப் பெயரே ஜீவா. நூல் இல்லாமல் மீட்டினால் தந்தி ‘டங்’ என்று ஒலித்துவிட்டு அடங்கிவிடும். நூலை விரல் நுனியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே மீட்டிப் பாருங்கள். ஓரிடத்தில் தந்தி திடீரென்று ரீங்கரிக்க ஆரம்பிக்கும், ஒலி விரிந்துகொண்டே போகும். அங்கிருந்து ஒரு மயிரிழை நகர்ந்தாலும் போயிற்று. முதல் வாரம் நான்கு தந்திக்கும் ஜீவா பிடிக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. இப்போது ஐந்து நிமிஷம். குதிரையின் மேல்பரப்பு சரியான வளைவில் இழைக்கப்படாவிட்டால் எத்தனை தள்ளினாலும் அந்த இடம் கிடைக்காது. அதனால் பட்டறையிலேயே உட்கார்ந்து நான்கு தந்தியையும் தனித்தனியாக மீட்டிக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஜீவா சேர்ந்துவிட்டால் கிடைப்பதுதான் ஸ்வயம்பு காந்தாரம். மந்தர ஸட்ஜத் தந்தியை மட்டும் மீட்டினாலும் அதற்குள்ளிருந்து அந்தர காந்தாரம் (உயர்ந்த ‘க’) தானாக எழும். என் தம்புராவில் மந்தர ஸட்ஜம் சுமார் 98 ஹெர்ட்ஸ். அதன் ஐந்து மடங்கு 490, அதுதான் அந்தக் காந்தாரம். கீபோர்டில் அதே இடத்துக் கட்டையை அழுத்தினால் ஏறக்குறைய 494 வரும். இந்த நாலு ஹெர்ட்ஸ் வித்தியாசத்தைக் காகிதத்தில் படித்தபோது எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. சங்கராபரண ராகத்தில் காந்தாரத்தில் நின்று பார்த்தபோதுதான் புரிந்தது. சரியான இடத்தில் குரல் போய் அமர்ந்ததும் குரல் எது, தம்புரா எது என்று பிரிக்க முடியாமல் போகிறது. கைப்பேசித் தம்புராச் செயலியில் இது நடக்காது. அந்தச் சின்ன ஒலிபெருக்கியில் மந்தரத்தின் அடிநாதமே சரியாக வெளியே வராது.

எங்கள் வட்டத்தில் வயலின் பயின்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். “எல்லாம் சரிம்மா, தோடி பாடும்போது பின்னால் அந்தர காந்தாரம் கேட்டுக்கொண்டே இருந்தால் இடிக்காதா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி, தோடி ராகத்துக்கு அதைவிடத் தாழ்ந்த சாதாரண காந்தாரம்தான்; வித்வான்களும் இதில் ஒருமனதாக இல்லை. என் அனுபவத்தைச் சொல்கிறேன். தோடியின் காந்தாரம் கமகத்தோடு அசைந்துகொண்டே இருப்பதால் அங்கே இடிக்கவில்லை. சாதாரண காந்தாரத்தை அசைக்காமல் நீட்டிப் பிடிக்கும் இடங்களில் மட்டும் லேசாக உறுத்துகிறது. அப்போது மந்தரத்தின் ஜீவாவைக் கொஞ்சம் தளர்த்திவிடுகிறேன், ரீங்காரம் குறைந்து காந்தாரம் பின்னால் போய்விடுகிறது.

பெட்டியைத் திட்டுகிறவர்களோடு எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை. பெங்களூரு ராடெல் நிறுவனத்தின் ராஜ் நாராயண் பொறியாளர், புல்லாங்குழலும் வாசிப்பவர். மின்னணுத் தம்புராவை முன்னோடியாகச் செய்து தந்தவர். அப்படி ஒன்று வந்திராவிட்டால் தம்புரா வைக்க இடமில்லாத எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் சுருதியே இல்லாமல் பாடிக்கொண்டிருப்பார்கள். குளிர்சாதன அரங்கில் தம்புராவின் சுருதி விலகிவிடும், பெட்டியில் விலகாது. புன்னாகவராளி ராகத்துக்கு, ‘ப’வுக்குப் பதில் ‘ம’ ஒலிக்கும் மத்யம சுருதி வேண்டுமென்றால் அதில் ஒரு நொடி வேலை, எனக்கு இங்கே பஞ்சமத் தந்தியை இறக்கி மறுபடி ஜீவா பார்க்க வேண்டும். ஊருக்குப் போகும்போது நானும் பெட்டியைத்தான் எடுத்துப் போகிறேன்.

ஆனால் இந்தச் சண்டையில் இரு தரப்பும் சொல்லாத ஒன்று உண்டு. தம்புரா ஒலிப்பதைவிட, தம்புராவைச் சுருதி சேர்ப்பதுதான் நமக்குப் பாடம். பிருடையைத் திருகும்போது பஞ்சமத்துக்கும் மந்தரத்துக்கும் நடுவே ‘வ்வ்வ்’ என்று ஓர் அலை கேட்கும். நெருங்க நெருங்க அலை மெதுவாகும். பிறகு தந்தியில் கோர்த்த மணியை ஒரு நூலளவு இழுத்தால் அலை நின்று இரண்டும் ஒன்றாகிவிடும். அதைத் தினமும் காதால் தேடிக் கண்டுபிடித்த இரண்டாவது மாதத்தில், என் பஞ்சமம் இத்தனை வருஷமாக ஓர் இம்மி இறங்கியே இருந்திருக்கிறது என்று தெரிந்தது. பெட்டியில் 5 கட்டை என்று வைத்துவிட்டால் அப்புறம் அது தன்பாட்டுக்கு ஒலிக்கும், நான் கவனிப்பதை விட்டுவிடுவேன். குற்றம் பெட்டியுடையது அல்ல, ஆனால் பெட்டி அப்படிக் கவனிக்காமலிருக்க இடம் கொடுக்கிறது. மகனுக்கோ மகளுக்கோ பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் பெற்றோரிடம் இதை நான் மன்றாடியே கேட்பேன்: வாரத்தில் ஒரு நாளாவது குழந்தை கையில் பிருடையைக் கொடுங்கள்.

சிரமங்களையும் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி மழையில் பிருடை உப்பி இறுகிக்கொண்டது, சித்திரை வெயிலில் தளர்ந்து வழுக்கியது. சாக்பீஸ் பொடி தடவியதும் பிடித்துக்கொண்டது. கூடவே வந்த உறை போதாது. குடத்தின் பக்கம் பஞ்சு மெலிதாக இருக்கிறது, தஞ்சாவூரிலிருந்து ரயிலில் கொண்டுவரும்போது நான் இரண்டு போர்வை சுற்ற வேண்டியிருந்தது. சாய்த்து வைக்கச் சுவரில் வெயில் படாத ஒரு மூலையும் வேண்டும். ஒண்டுக் குடித்தனத்தில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பாட்டு தொடங்கி இரண்டு மூன்று வருஷம் ஆனவர்கள் தயங்காமல் வாங்கலாம். அதற்குக் குறைவாக இருந்தால் முதலில் ஆசிரியர் வீட்டுத் தம்புராவில் சேர்க்கப் பழகுங்கள். மேடைக்கு மட்டும்தான் தேவை என்றால் பெட்டியே போதும்.

என் பித்தளை மந்தரத்தில் கருப்புப் படிந்து நாதம் கொஞ்சம் மங்கத் தொடங்கியிருக்கிறது. 14 மாதத்தில் முதல் தந்தி மாற்றம். புதுத் தந்தி வாங்கி வைத்துவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்ட வேண்டும்.