தூரம் கூடியது ஸ்விங்கால் அல்ல: கோல்ஃப் பயிற்சி பேக்கேஜ் எடுக்கும் முன் படியுங்கள்

பந்தின் வேகத்தையும் தூரத்தையும் அளக்கும் லாஞ்ச் மானிட்டர் கருவி வைத்துக் கற்றுத்தரும் ஓர் உள்ளரங்கக் கூடத்தில், கோல்ஃப் மட்டையை (கிளப்) வீசும் ஸ்விங்கையும், குழிக்கு அருகே ஆடும் ஷார்ட் கேமையும் சேர்த்துச் சரிசெய்து தருவதாகச் சொல்லி, மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு என்னை ஏமாற்றினார்கள். கோபம் அடங்கி, அவர்கள் கொடுத்த ரிப்போர்ட்டுகளை வரிவரியாகப் படித்து, என்ன நடந்தது என்று புரிந்த பிறகே இதை எழுதுகிறேன். கூடத்தின் பெயரைப் போடவில்லை. செய்த விதம் தெரிந்தால் போதும், எங்கே நடந்தாலும் உங்களுக்குப் பிடிபட்டுவிடும்.

நான் வார இறுதியில் ஆடுகிறவன். டிரைவர் என்ற நீளமான கிளப்பில் ஸ்லைஸ், அதாவது பந்து வலப்பக்கம் வளைந்து ஓடும். அயர்ன் என்ற எண்ணிட்ட கிளப்புகளில் தூரம் போதாது. குழி இருக்கும் கிரீனுக்கு முப்பது யார்டுக்குள் வந்துவிட்டால் கை தானாக இறுகிவிடும். முதலில் இலவசமாக ஒரு மதிப்பீடு செய்தார்கள். என்னுடைய 7 அயர்னால் வரிசையாக அடிக்கச் சொன்னார்கள். பந்தின் தலையில் மட்டும் பட்டு டாப் ஆனது, தரையில் இடித்தது எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி போட்டு, சிவப்பு எழுத்தில் அச்சிட்டுக் கொடுத்தார்கள். சில வாரம் கழித்துப் பச்சை எழுத்தில் இரண்டாவது தாள் வந்தது. 7 அயர்ன் கேரி (பந்து தரையில் விழும் வரை காற்றில் போகும் தூரம்) இருபது யார்டுக்கு மேல் கூடியிருந்தது. "பார்த்தீங்களா சார், ஸ்விங்கே மாறிடுச்சு" என்றார் கோச். அதே மேசையில் அடுத்த பேக்கேஜுக்கான படிவமும், "உங்க புது ஸ்விங்குக்குப் பொருத்தமானது" என்று சொல்லி ஓர் அயர்ன் செட்டின் விலைப்பட்டியலும் வைத்திருந்தார்கள்.

மைதானத்துக்குப் போனால் அந்த யார்டுகள் எங்கேயும் இல்லை. தாளில் உள்ளதை நம்பி 7 அயர்ன் எடுத்தால் பந்து கிரீனுக்கு முன்னால் இருக்கும் பங்கர் என்ற மணற்குழியில் விழுந்தது. மோசமாகப் பட்ட பந்து மட்டும் என்றால் விட்டுவிடலாம். கிளப் முகத்தின் (பந்தில் மோதும் பரப்பு) நடுவில் கச்சிதமாகப் பட்ட பந்தும் அங்கேதான் போய் விழுந்தது. கேட்டதற்கு, "கோர்ஸ்ல டென்ஷன் இருக்கும் சார், போகப்போகச் சரியாயிடும்" என்றார்கள்.

அப்புறம்தான் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சிவப்புத் தாளில் கிளப் வேகம் என்று ஒரு கட்டம் இருந்தது. பச்சைத் தாளில் அந்தக் கட்டத்தையே எடுத்துவிட்டிருந்தார்கள். கூடத்தின் செயலியில் என் கணக்கைத் திறந்து ஒவ்வொரு அடியாகத் தேடினேன். அங்கே அது இருந்தது. இரண்டு நாளும் என் கிளப் வேகம் கிட்டத்தட்ட ஒன்றேதான். வேகம் கூடவில்லை, தூரம் மட்டும் இருபது யார்டு கூடியிருக்கிறது என்றால் வேறெங்கோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

முதல் கை கிளப்பில். பச்சைத் தாளுக்கான பந்துகளை அவர்களுடைய டெமோ 7 அயர்னில்தான் அடிக்க வைத்தார்கள். "உங்க கிரிப் தேய்ஞ்சிருக்கு, இதுல அடிங்க" என்று சாதாரணமாகத்தான் கையில் கொடுத்தார்கள். கிளப்பின் அடியில் 7 என்று எழுதியிருப்பதால் எல்லா 7 அயர்னும் ஒன்றாகிவிடாது. எந்த எண்ணுக்கு எத்தனை டிகிரி லாஃப்ட் (கிளப் முகம் பின்னால் சாய்ந்திருக்கும் கோணம், அது குறைந்தால் தூரம் கூடும்) என்று கோல்ஃப் விதிகள் எதையும் கட்டாயப்படுத்தவில்லை. 1990-களில் வந்த செட்டுகளில் 7 அயர்ன் பெரும்பாலும் 34, 35 டிகிரி. என்னுடையதும் அந்த வகைதான். தூரத்தைக் காட்டி விற்கும் இன்றைய செட்டுகள் பலவற்றில் அது 28, 29 டிகிரிக்கு வந்துவிட்டது. அதாவது பழைய செட்டின் 5 அயர்னுக்குப் பக்கத்தில். ஒரு அயர்னுக்கும் அடுத்ததற்கும் வழக்கமாக 4 டிகிரி அளவில் வித்தியாசம், தூரத்தில் 10 முதல் 15 யார்டு. டெமோ கிளப்பின் மாடல் பெயர் நினைவிருந்தது. தயாரிப்பாளரே வெளியிட்டிருக்கும் லாஃப்ட் அட்டவணையைப் பார்த்தேன். என் ஸ்விங் மாறியதாகச் சொன்ன தூரத்தில் பெரும்பகுதி அந்த ஒரு வரியிலேயே கிடைத்துவிட்டது.

இரண்டாவது கை கணக்கில். சிவப்புத் தாளில் எல்லாப் பந்தும் உண்டு, பச்சைத் தாளில் நன்றாகப் போனவை மட்டும். மற்றவற்றைச் செயலியில் நீக்கியிருந்தார்கள். நீக்கிய அடிகள் மங்கலான சாம்பல் நிறத்தில் பட்டியலிலேயே கிடந்தன, யாரும் திறந்து பார்க்கமாட்டார்கள் என்ற தைரியம்.

மூன்றாவதுதான் எனக்கு இன்றும் ஆறாதது. சிமுலேட்டரில் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று அமைக்க ஓர் இடம் உண்டு. உயரம் கூடினால் காற்று அடர்த்தி குறையும், பந்து அதிக தூரம் போகும். 5000 அடி உயரத்தில் கிட்டத்தட்ட 10 சதவீதம் கூடும் என்பது கோல்ஃப் ஆடுகிறவர்களுக்குப் பழகிய கணக்கு. முதல் நாள் பூஜ்ஜியமாக இருந்த அந்த எண் இரண்டாம் நாள் ஆயிரங்களில் இருந்தது. இதைக் கவனக்குறைவு என்று என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு கூடம் ஓர் இரவில் மலை மேல் ஏறிவிடாது.

ஆகவே யாராவது முன், பின் என்று இரண்டு ரிப்போர்ட் காட்டினால் கேரியைக் கடைசியாகப் பாருங்கள். கிளப் வேகம், பந்து வேகம், கிளம்பும் கோணம், சுழற்சி, இறங்கும் கோணம் எல்லாம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூர் ஆட்டக்காரர்களின் 7 அயர்ன் பந்து சராசரியாக நிமிடத்துக்கு 7000 சுற்று அளவில் சுழன்று, 50 டிகிரி அளவில் செங்குத்தாக இறங்குகிறது. அதனால்தான் கிரீனில் நிற்கிறது. என் பச்சைத் தாளில் பந்து தாழ்வாகப் போய், சுழற்சி குறைந்து, சரிவாக இறங்கியிருந்தது. அந்தத் தூரம் உண்மையாகவே இருந்திருந்தாலும் பந்து கிரீனில் பட்டுப் பின்பக்க ரஃபுக்கு (உயரமாக விட்ட புல்) ஓடியிருக்கும். தூரம் அயர்னின் வேலையில் பாதிதான், நிற்பது மீதிப் பாதி.

ஸ்லைஸுக்குச் சொன்ன வைத்தியத்தையும் சொல்லிவிடுகிறேன். பந்து கிளப் போகும் பாதையில் கிளம்பும், முகம் வளைவை மட்டும் தீர்மானிக்கும் என்று கற்றுத்தந்தார்கள். இது பழைய பாடம். ரேடார் கருவிகள் வந்து அளந்து காட்டிய பிறகு மாறிவிட்டது. பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மோதும் நொடியில் முகம் பார்க்கும் திசை. முகத்துக்கும் பாதைக்கும் உள்ள இடைவெளிதான் பந்தை வளைக்கிறது. முகம் திறந்தே இருக்க, "வலப்பக்கமாக வீசுங்க" என்று பாதையை மட்டும் மாற்றினால், வலது கை ஆட்டக்காரருக்குப் பந்து நேராக வலப்பக்கம் போய் மரத்துக்குள் விழும். எனக்கு அதுதான் நடந்தது. இத்தனைக்கும் முகக் கோணம் அவர்கள் திரையிலேயே இருந்தது. ஒரு வகுப்பில்கூட அந்த எண்ணை யாரும் சுட்டிக்காட்டவில்லை. சில கேமரா கருவிகள் கிளப் முகத்தில் சின்னப் புள்ளி ஸ்டிக்கர் ஒட்டினால்தான் முகத்தை அளக்கும் என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஷார்ட் கேமில் செய்தது இதைவிட மோசம், ஏனென்றால் அங்கே பணத்தோடு என் கைப்பழக்கமும் கெட்டது.

பேக்கேஜில் "ஷார்ட் கேம் பயிற்சி" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அதில் ஒரு வகுப்புகூடப் புல்லில் நடக்கவில்லை. எல்லாம் செயற்கைப் புல் விரிப்பான மேட்டின் (mat) மேல், பத்தடி தள்ளித் தொங்கும் வலைக்குள். மேட் எப்படி ஏமாற்றும் என்பது சிப் (கிரீனுக்கு அருகிலிருந்து அடிக்கும் சின்ன அடி) அடிப்பவர்கள் எல்லோருக்கும் தெரிய வேண்டும். பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் வெட்ஜ் (இப்படிப்பட்ட சின்ன அடிகளுக்கான கிளப்) தரையில் பட்டாலும் மேட்டின் கெட்டியான தளத்தில் வழுக்கி முன்னால் வந்து பந்தில் மோதிவிடும். பந்து சுத்தமாகக் கிளம்பும். திரையில் "நல்ல அடி" என்று வரும். அதே அடி புல்லில் என்றால் கிளப் மண்ணைக் கிளறி நின்றுவிடும், பந்து ஓர் அடி நகரும்.

இதோடு, கைகளை நன்றாக முன்னால் தள்ளி, ஷாஃப்டை (கிளப்பின் தண்டு) இலக்குப் பக்கம் சாய்த்து அடிக்கச் சொன்னார்கள். கொஞ்சம் சாய்ப்பது சரி. எல்லா சிப்புக்கும் எல்லை இல்லாமல் சாய்த்தால் வெட்ஜின் பவுன்ஸ் போய்விடும். பவுன்ஸ் என்பது வெட்ஜின் அடிப்பாகம் முன்விளிம்பைவிடத் தாழ்ந்திருக்கும் கோணம். தரையில் கிளப் புதையாமல் வழுக்கிப் போவது அதனால்தான். சாதாரண சாண்ட் வெட்ஜில் 10 முதல் 14 டிகிரி வரை இருக்கும். ஷாஃப்டை முன்னால் சாய்க்கும் ஒவ்வொரு டிகிரியும் அதில் கிட்டத்தட்ட ஒரு டிகிரியைத் தின்றுவிடும். பத்து டிகிரி சாய்த்தால் கையில் இருப்பது கத்தி மாதிரியான ஒரு விளிம்புதான். மேட்டில் கத்திக்கு வேலை இல்லை, அதனால் ஒன்றும் தெரியவில்லை. மழை பெய்த ஒரு காலையில், கிரீன் ஓரத்து ஈரப்புல்லில் முதல் சிப்பிலேயே முன்விளிம்பு மண்ணில் செருகி, கிளப் அப்படியே நின்று, அதிர்வு மணிக்கட்டில் ஏறியது. பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. அடுத்ததில் பயந்து கையைத் தூக்கினேன், பந்து நடுவில் அடிபட்டுக் கிரீனைத் தாண்டிப் போனது. அந்தப் பயம் போக மாதங்கள் ஆயின.

1930-களின் தொடக்கத்தில் அமெரிக்க கோல்ஃப் வீரர் ஜீன் சாரசன் தன் மணல் கிளப்பின் அடிப்பாகத்தைத் தடிமனாக்கியதே அது மணலில் புதையாமல் வழுக்க வேண்டும் என்பதற்காகத்தான். 1932-இல் பிரிட்டிஷ் ஓப்பனையும் அவர் வென்றார். அத்தனை காலமாக வெட்ஜில் இருக்கும் அந்த வசதியைப் பயன்படுத்தவிடாமல் கற்றுக்கொடுப்பதற்கு எங்களிடம் காசு வாங்கியிருக்கிறார்கள்.

அவர்கள் தந்த உத்தரவாதம் பற்றியும் எச்சரிக்க வேண்டும். ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண், குறையக் குறைய நல்லது) இத்தனை குறையாவிட்டால் பணம் வாபஸ் என்றார்கள். 2020-இல் வந்த உலக ஹேண்டிகேப் முறையில், கடைசி 20 சுற்றுகளில் சிறந்த 8-ஐ வைத்துத்தான் கணக்கு. வார இறுதியில் மட்டும் ஆடுகிறவர் 20 சுற்று முடிக்கப் பல மாதம் ஆகும். உத்தரவாதம் செல்லும் காலமோ மூன்று மாதம். அந்தக் காலத்துக்குள் 20 சுற்றும் பதிவாகியிருந்தால்தான் விண்ணப்பிக்கவே முடியும் என்பது ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. நான் இதைக் கேட்டபோது, மோசமான சுற்றுகளைப் பதிவு செய்யாமல் விடுங்கள் என்று கோச்சே யோசனை சொன்னார். நேர்மையாக ஆடுகிற எவரிடமும் சொல்லக் கூடாத யோசனை அது. நமக்கு நாமே நடுவராக இருக்கும் ஆட்டம் இது. அந்த நம்பிக்கையை உடைக்கச் சொல்பவரிடம் ஸ்விங் கற்க ஒன்றும் இல்லை.

பட்டிங் (கிரீனில் பந்தைக் குழிக்குள் உருட்டுவது) பற்றிய விளம்பரமும் இதே ரகம்தான். பத்தடிக்குள் எதுவும் தப்பாது என்றார்கள். பிஜிஏ டூரிலேயே எட்டடிப் பட்டில் ஏறத்தாழ பாதிதான் குழிக்குள் போகிறது. அதற்கு மேல் வாக்குக் கொடுப்பவர் புள்ளிவிவரம் பார்த்ததில்லை, அல்லது நாம் பார்த்ததில்லை என்று நினைக்கிறார்.

சுவரில் மாட்டியிருந்த சான்றிதழைப் பிறகு கவனித்துப் படித்தேன். அது அந்தக் கருவியை இயக்கக் கற்றதற்கான சான்றிதழ், கோல்ஃப் கற்பிப்பதற்கானது அல்ல. பல நாடுகளில் தொழில்முறை கோல்ஃப் பயிற்சியாளர்களின் சங்கங்களான பிஜிஏ அமைப்புகள் தங்கள் உறுப்பினர் பட்டியலைத் தேடிப் பார்க்க வைத்திருக்கின்றன. பணம் கட்டுமுன் பெயரைத் தேடுங்கள். முதலில் ஒரே ஒரு வகுப்புக்கு மட்டும் பணம் கட்டுங்கள். ஷார்ட் கேம் என்றால் எந்தப் புல்லில், எந்தக் கிரீனில் என்று கேளுங்கள். மதிப்பீடு எப்போது நடந்தாலும் உங்கள் கிளப், அதே வகைப் பந்து, அதே அமைப்பு என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இப்போது வேறொருவரிடம் கற்கிறேன். அவர் முதலில் திரை எதையும் காட்டவில்லை, என்னோடு சில குழிகள் நடந்து வந்து பார்த்தார். பிறகு பயிற்சிப் பங்கரின் மணலில் ஒரு கோடு கிழித்து, பந்து வைக்காமல், கிளப் எங்கே தரையில் இறங்குகிறது என்று மட்டும் பார்க்கச் சொன்னார். என் தடங்கள் எல்லாம் கோட்டுக்குப் பின்னால் இருந்தன. மேட் இத்தனை நாள் மறைத்தது ஒரு கோட்டில் தெரிந்துவிட்டது. எடையை முன்காலில் வைத்து, நெஞ்சை இலக்குப் பக்கம் திருப்பிக்கொண்டே போனதும் தடம் மெல்ல மெல்லக் கோட்டைத் தாண்டியது. சிப்புக்கு, பந்தின் பின்னால் ஒரு துண்டை மடித்து வைத்து அதைத் தொடாமல் அடிக்கச் சொன்னார். செலவே இல்லாத பயிற்சி. வீட்டுத் தோட்டத்திலும் செய்யலாம்.

பழைய கூடத்திடம் மீதி வகுப்புகளுக்கான பணத்தைத் திருப்பிக் கேட்டேன். அதே மதிப்புக்கு வவுச்சர் தருகிறோம், அயர்ன் செட் வாங்கும்போது கழித்துக்கொள்ளலாம் என்றார்கள். மறுத்தேன். மறுநாளே செயலியில் என் கணக்கைப் பூட்டிவிட்டார்கள். கிளப் வேகம், நீக்கிய அடிகள், உயர அமைப்பு எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. நல்லவேளையாக அவற்றை முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தேன். கார்டில் கட்டியதால் வங்கியில் டிஸ்பியூட் போட முடிந்தது, அந்தப் படங்களைத்தான் இணைத்திருக்கிறேன், இன்னும் முடிவு வரவில்லை. வங்கிகள் இதற்குக் கால வரம்பு வைத்திருக்கும், தள்ளிப்போடாதீர்கள். இப்படி ஒரு பேக்கேஜில் இப்போது இருப்பவர்கள், இன்றைக்கே உங்கள் அடிப் பட்டியல் முழுவதையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி கேட்பதெல்லாம் அதற்கு அப்புறம்.