சிக்னல் பூஸ்டர் மாட்டித் தாறோம்னு வந்தா நம்பாதீங்க: எங்களுக்கு 14,500 ரூபாய் போச்சு

கன்னியாகுமரி மாவட்டத்துல அருமனை, களியல், கடையாலுமூடு, பனச்சமூடு பக்கம் இருக்கிறவங்க கண்டிப்பா படிங்க. வீட்டுக்குள்ள டவர் கிடைக்கலையா, பூஸ்டர், அதாவது சிக்னலைப் பெருக்கித் தர்ற பெட்டி, மாட்டித் தாறோம்னு சொல்லி ஆள் வராங்க. எங்ககிட்ட 14,500 ரூபாய் வாங்கிட்டாங்க. இன்னைக்கு மத்தியானம் கடைக்காரருக்குப் போன் பண்ணினா, "அக்கா, நான் சைட்ல நிக்கேன், அப்புறம் கூப்பிடுதேன்"னு வச்சிட்டார். அதுக்கப்புறம் என் நம்பரை எடுக்கவே இல்ல. கை நடுங்குது, அப்படியே எழுதுறேன்.

எங்க வீடு ரப்பர் தோட்டத்துக்கு நடுவுல, பள்ளத்துல இருக்கு. கான்கிரீட் வீடு. முற்றத்துக்கு வந்தாத்தான் போன்ல பேச முடியும். மாமனாருக்கு ஞாபக மறதி. வெளுப்புக்கு முன்னாடியே எழும்பி, ரப்பர் பால்வெட்டுக்குப் போறேன்னு கத்தியை எடுத்துக்கிட்டு இறங்கிடுவார். அவர் வெட்டை விட்டு எத்தனையோ வருஷம் ஆச்சு. அதனால அவர் சட்டைப் பையில ஒரு போன் வச்சு, வீட்டு எல்லையைத் தாண்டினா எனக்கும் மஸ்கட்ல இருக்கிற என் வீட்டுக்காரருக்கும் தகவல் வர்ற மாதிரி ஒரு ஆப் போட்டிருந்தோம். அது ஒழுங்காத்தான் வேலை செஞ்சது. வீட்டுக்குள்ள பேச முடியலைங்கிறது ஒண்ணுதான் எங்க குறை.

கடை, சிசிடிவியும் இன்வெர்ட்டரும் மாட்டித் தர்ற கடை. பேர் போடல. அந்தக் கடைக்காரரே நேர்ல வந்தார். மொட்டை மாடில ஏறி கம்பியை நட்டு, ஆன்டெனாவைக் கட்டி, வயரை ஜன்னல் வழியா இறக்கி ஹால்ல பெட்டியை மாட்டினார். பெட்டில ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டி, "இது கவர்மென்ட் அப்ரூவல் உள்ள ஐட்டம் அக்கா, ஒண்ணும் பயப்படாதிய"ன்னார். போன்ல நாலு கட்டையும் ஏறிச்சு. அந்நேரம் பாத்து என் வீட்டுக்காரர் கூப்பிட்டார். மாமனார் கட்டில்ல இருந்தபடியே, "மக்கா, சாப்டியாடே?"ன்னு கேட்டார். அந்தப் பக்கத்துல இருந்து பதில் தெளிவா வந்தது. மாமிக்குக் கண்ணு நிறைஞ்சு போச்சு. கட்டஞ்சாயா போட்டுக் குடுத்தேன். அந்த நிமிஷத்துல நாங்க அவரை வீட்டுப் பிள்ளை மாதிரிதான் பாத்தோம். 10,000 கூகுள் பேல, 4,500 கையில, மொத்தம் 14,500 ரூபாய். பில் கேட்டதுக்கு ஒரு எஸ்டிமேட் சீட்டுல "ஆன்டெனா செட்"னு எழுதித் தந்தார். ஜிஎஸ்டி நம்பரும் இல்ல, பெட்டியோட சீரியல் நம்பரும் இல்ல.

அன்னைக்கு ராத்திரியே தொடங்கிச்சு. நடுச்சாமத்துல என் போன் அலறுது: "அப்பா வீட்டை விட்டு வெளியேறினார்." மேப்ல பாத்தா கேரளா பக்கம், வெள்ளறடை கிட்ட புள்ளி நிக்குது. டார்ச்சை எடுத்துக்கிட்டு தோட்டத்துக்குள்ள ஓடினேன். செருப்புகூட போடல. மாமி பின்னால நின்னு பேர் சொல்லிக் கூப்பிடுதாவ. மஸ்கட்ல இருந்து கால் மேல கால். திரும்பி வந்து பாத்தா மனுஷன் பின் ரூம்ல போர்வையை இழுத்து மூடித் தூங்கிட்டு இருக்கார். போன் அவர் சட்டைப் பையிலேயே இருக்கு.

அதுக்கப்புறம் இதே கதைதான். வெளியேறினார், வந்து சேர்ந்தார், வெளியேறினார். நடுவுல ரோமிங்ல இருக்கீங்கன்னு வேற மெசேஜ். இப்போ அவர் நிஜமாவே இறங்கிப் போனாக்கூட அந்த அலறலை நம்ப முடியாத நிலைமைக்கு எங்களைக் கொண்டு விட்டுட்டாங்க. எனக்கு இதுதான் பொறுக்கல.

கடைக்காரர் சொன்ன பதிலைக் கேளுங்க. முதல்ல, "ஆப்ல கோளாறு, அழிச்சிட்டு மறுபடி போடுங்க." போட்டோம். அப்புறம், "போன் பழசு, வேற வாங்குங்க." அப்புறம், "மழை மேகம் அக்கா, தெளிஞ்சா சரியாகும்." நாளைக்கு ஆள் வரும், நாளைக்கு ஆள் வரும்னு இழுத்தடிச்சார். ஒரு ஆளும் வரல. கடைக்கே போய் நின்னேன். கல்லாவுல இருந்த பையன் முகத்தைக்கூட நிமித்தாம, "மாட்டிட்டா ரிட்டன் இல்ல"ன்னான். 14,500 ரூபாய் வாங்கும்போது இந்தப் பேச்சு இல்லையே!

கடைசியா டவர் வேலைக்குப் போற என் சித்தி மகன் வந்து பாத்தான். அஞ்சு நிமிஷத்துல பிடிச்சிட்டான். பூஸ்டர் தானா சிக்னல் உண்டாக்காது. மேல இருக்கிற ஆன்டெனா எந்த டவரைப் பிடிக்குதோ அதைத்தான் பெருக்கி உள்ள விடும். அந்த ஆள் ஆன்டெனாவை மேக்க பாத்து, எல்லைக்கு அந்தப் பக்கத்து டவருக்கு நேரா கட்டியிருக்கார். கான்கிரீட்டுக்குள்ள ஜிபிஎஸ் சரியா எட்டாது, வீட்டுல வைஃபையும் இல்ல. அப்போ போன் எந்த டவர்ல நிக்குதோ அதை வச்சுத்தான் இடத்தைக் கணக்குப் போடும். டவர் கேரளாவுல, அதனால மாமனாரும் கேரளாவுல. முன்னாடி வீட்டுக்குள்ள சிக்னலே இல்லாததால இந்தத் தொல்லை இல்லாம இருந்திருக்கு. பெட்டியோட பிளக்கைப் பிடுங்கி, போனை ஏரோபிளேன் மோடுல போட்டு எடுத்தான். அலறல் நின்னுச்சு. மறுபடி பிளக்கைச் சொருகினா கொஞ்ச நேரத்துலயே "வெளியேறினார்."

இதுக்கு மேல ஒண்ணு சொன்னான், அதைக் கேட்டுத்தான் எனக்கு வயிறு எரிஞ்சது. இந்தப் பெட்டியை நம்மள மாதிரி ஆளுங்க வீட்டுல வச்சிருக்கவே கூடாதாம். சட்டப்படி இதுக்கு உரிமம் வேணும். உரிமம் உள்ள செல்போன் கம்பெனிகளைத் தவிர வேற யாரும் பூஸ்டரை விக்கிறதும் வச்சிருக்கிறதும் பயன்படுத்துறதும் குற்றம்னு மத்திய தொலைத்தொடர்புத் துறை 2022 ஜனவரியிலேயே சொல்லியிருக்கு. இந்த மாதிரிப் பெட்டி டவருக்கு இரைச்சலைத் திருப்பி அனுப்பும், அதனால அக்கம்பக்கத்துக்காரங்க போனும் கட்டாகும். குற்றமான பொருளை "கவர்மென்ட் அப்ரூவல்"னு சொல்லி, வயசான ரெண்டு பேர் இருக்கிற வீட்டுல மாட்டி 14,500 ரூபாய் வாங்கிட்டுப் போயிருக்கார்! இதைக் கேட்டதுக்கு, "ஊர்ல எல்லாரும் மாட்டுதாங்க, உங்களுக்கு மட்டும் என்ன சட்டம்?"ங்கிறார்.

பெட்டியைக் கழற்றி மூட்டை கட்டி வச்சாச்சு. நுகர்வோர் உதவி எண் 1915-ல புகார் குடுத்திருக்கேன். அங்க நடக்கலைன்னா நாகர்கோவில்ல இருக்கிற மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் வரைக்கும் உள்ள வழக்குக்கு அங்க கட்டணம் கிடையாது.

என்ன செய்யணும்னு விவரமா எழுதத்தான் உக்காந்தேன், இப்போ முடியல. இவ்வளவுதான் சொல்றேன். எஸ்டிமேட் சீட்டை வாங்கிக்கிட்டுப் பணம் குடுக்காதீங்க, பில் கேளுங்க. ஸ்டிக்கரை நம்பாதீங்க. வீட்டுக்குள்ள டவர் இல்லைன்னா முதல்ல உங்க சிம் கம்பெனில புகார் பண்ணுங்க. ஃபைபர் நெட் கிடைக்கிற இடம்னா போன் செட்டிங்ல வைஃபை காலிங்னு இருக்கும், அதை ஆன் பண்ணினா உள்ள இருந்தே பேசலாம், இடமும் பெரும்பாலும் சரியாக் காட்டும். ஏற்கெனவே பூஸ்டர் மாட்டி, இதே மாதிரி அலறல் வருதுன்னா ஆப்பை நோண்டாதீங்க, பிளக்கைப் பிடுங்கிப் பாருங்க. சீட்டும் கூகுள் பே ஸ்கிரீன்ஷாட்டும் பத்திரமா வைங்க. இதே கடைல ஏமாந்தவங்க இருந்தா எனக்குத் தனியா மெசேஜ் போடுங்க, சேர்ந்தே புகார் குடுப்போம்.