முதல் சுருளுக்கு எது தோது: வாண்டா, கிளிப்பா, ஈரப் பின்னலா?

சித்தி மகள் ரிசப்ஷனுக்கு முடியைச் சுருட்டிக்கொள்ள முதல்முதலில் நான் வாங்கிய கருவி வாண்ட் (wand). அவசரப்பட்டுவிட்டேன். கிளிப் வைத்த சாதாரண கர்லிங் அயர்ன்தான் பழகாத கைக்குத் தோது.

வாண்டில் கிளிப் கிடையாது, வெறும் சூட்டுக் குழல்தான். முடியை அதில் சுற்றி, நுனியை நாமே விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். பெட்டிக்குள் ஒரு கையுறை இருந்தது. அதை ஏதோ இலவசம் என்று நினைத்து ஓரமாகப் போட்டேன். கண்ணாடியில் இடம் வலமாகத் தெரிய, பிடரிப் பக்கம் குழல் எங்கே இருக்கிறதென்றே புரியவில்லை. கழுத்தில் சூடு. மண்டபத்தில் பெரியம்மா, "என்னடி கழுத்துல?" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார். ஆனால் ஒன்று, கை பழகிவிட்டால் மடிப்புத் தடம் விழாத இயல்பான அலை வாண்டில்தான் வரும்.

கிளிப் அயர்னில் நுனியைக் கிளிப் கவ்விக்கொள்ளும். கைப்பிடியை உருட்டினால் போதும், விரல் சூட்டின் பக்கமே போகாது. நுனி கிளிப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மட்டும் தூண்டில் முள் மாதிரி விறைத்து நிற்கும். சுவிட்ச் போடாமலேயே பத்து நிமிடம் சுற்றிப் பழகுங்கள். எனக்கு யாரும் இதைச் சொல்லவில்லை.

குழலின் குறுக்களவு 25 மில்லிமீட்டர் என்றால் பெரும்பாலோருக்குச் சரி. 19 என்றால் சுருள் இறுக்கமாக வரும், 32 என்றால் நீள முடியில் தளர்ந்த அலைதான். மெல்லிய முடிக்கு 150 டிகிரி, அடர்த்தியான முடிக்கு 180 போதும். கருவி 230 வரை போகிறதே என்று ஏற்றிவிடாதீர்கள். 1870களில் பாரிஸில் மார்செல் கிராட்டோ என்ற சிகையலங்காரக்காரர் இடுக்கியைக் காய்ச்சி அலை போட்டபோது டிகிரி காட்டும் திரை ஏது? நமக்கு இருக்கிறது, பார்த்து வைப்போம். எண்ணெய்த் தலையில் வைத்தால் புகையும். ஈரத்தலையில் வைத்தால் முடிக்குள் இருக்கும் தண்ணீரே கொதித்து முடியைக் கெடுக்கும். முந்தின நாளே தலை குளித்து உலர்த்திவிடுங்கள்.

எட்டுப் பத்து விநாடியில் எடுத்து, சூடு ஆறும்வரை சுருளை உள்ளங்கையில் தாங்குங்கள். முடியின் கெரட்டின் என்ற புரதத்தில், வடிவத்தைப் பிடித்துவைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் சூட்டில் விடுபடும். ஆறும்போதுதான் புது வடிவத்தில் மறுபடி சேரும். உடனே சீவினால் பட்ட பாடெல்லாம் வீண்.

ஸ்ட்ரெய்ட்னரிலும் சுருட்டலாம் என்பார்கள். மணிக்கட்டைத் திருப்பி இழுக்கிற அந்த வித்தை முதல் நாளுக்கு வேண்டாம்.

இதே பிணைப்புகளைத் தண்ணீரும் அவிழ்க்கும். நம் ஈரப் பின்னலின் சூட்சுமம் அதுதான்: லேசான ஈரத்தோடு ஆறேழு பின்னல் போட்டுப் படுத்தால், காலையில் காய்ந்த முடி அலையாக நிற்கும். செலவில்லை, சூடில்லை. ஆனால் உருண்ட சுருள் வராது, நெளிவுதான். அடர்த்தியான முடி என்றால் விடிந்தும் நடுவில் ஈரம் இருக்கும், அவிழ்த்தால் படுத்துவிடும்.

சென்னைப் புழுக்கத்தில் மூன்றுமே தளரும். அயர்ன் சுருள் பாதி அவிழ்ந்தால் அலங்கோலமாகத் தெரியும். பின்னல் நெளிவு தளர்ந்தாலும் பார்க்க அழகுதான். ஏசி மண்டபம் என்றால் கிளிப் அயர்னை எடுப்பேன், மொட்டை மாடிப் பந்தல் என்றால் பின்னிக்கொண்டு படுத்துவிடுவேன். எதுவானாலும் மல்லிகைச் சரத்தை நன்றாக உதறிவிட்டு வையுங்கள். பூக்காரம்மா தெளித்த தண்ணீர் பட்ட இடத்தில்தான் சுருள் முதலில் அவிழும்.